பைண்டிங்கிலிருந்து திரும்பி வந்த ஆல்ட்மன்

கம்யூனிட்டி மெடிசின் பி.ஜி. சேர்ந்திருக்கும் தம்பி ஒருவன் போன வாரம் கேட்டான். "அக்கா, தீசிஸுக்கு ஸ்டாட்டிஸ்டிக்ஸ் புக் ஒண்ணே ஒண்ணுதான் வாங்கப்போறேன். ஆல்ட்மனா, கிர்க்வுட்டா?" கேட்ட நேரம் சரியில்லை. அன்றைக்குத்தான் என் ஆல்ட்மன் பைண்டிங் கடையிலிருந்து வந்திருந்தது.

டக்ளஸ் ஆல்ட்மன் எழுதி 1991இல் வந்த மருத்துவப் புள்ளியியல் புத்தகம். நான் வாங்கியதே பழைய பிரதி. எட்டு வருஷம் புரட்டியதில் முதுகு பிளந்து, பதினான்காம் அத்தியாயம் தனியே கையோடு வந்துவிட்டது. கடைக்காரர் அட்டை அருமையாகத்தான் போட்டிருக்கிறார். தையலை மட்டும் உள்ளே இழுத்துப் போட்டுவிட்டார். இரண்டு பேரின் கணிப்பு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று சொல்லும் கப்பா மதிப்புக்கு ஐந்து படி வைத்த அட்டவணை இருக்கிறதே, ஊரே தீசிஸில் எடுத்துப் போடுவது, அதன் வலது ஓரம் தையலுக்குள் போய்விட்டது. 0.81க்கு மேல் 'வெரி' என்று மட்டும் நிற்கிறது. கட்டைவிரல் இரண்டையும் வைத்து விரித்தால்தான் 'குட்' எட்டிப் பார்க்கிறது. தினமும் எரிச்சல்.

நியாயமாகப் பார்த்தால் கிர்க்வுட்–ஸ்டெர்ன்தான் ஒழுங்கு, 2003 பதிப்பு. டெஸ்டின் பெயரை வைத்து அடுக்காமல், நம் அவுட்கம், அதாவது ஆய்வில் பார்க்கும் விளைவு, எண்ணில் வரும் அளவா, ஆம்–இல்லையா, ஆட்களைத் தொடர்ந்து பார்த்து எடுத்த ரேட்டா என்று பிரித்திருப்பார்கள். லாஜிஸ்டிக், காக்ஸ் மாதிரி ரிக்ரஷன் கணக்குகளுக்கெல்லாம் கையைப் பிடித்துக் கூட்டிப்போகும். காலையில் கைடைப் பார்க்கணும், ராத்திரி பத்து மணி ஆகிவிட்டது என்றால் அதைத்தான் எடுக்கணும். என் பிரதி இன்னும் புதுசு போலவே இருக்கிறது. (அது புகழ்ச்சியா என்று தெரியவில்லை.)

ஆனால் என் தீசிஸைக் காப்பாற்றியது ஆல்ட்மன்தான். பாதரச பி.பி. கருவியையும் டிஜிட்டலையும் ஒப்பிட்டு, இரண்டும் சேர்ந்து ஏறி இறங்குகிறதா என்று காட்டும் கோரிலேஷன் எண் r 0.94 வந்ததும் இரண்டும் ஒன்றுதான் என்று எழுதிவைத்திருந்தேன். டிஜிட்டல் எல்லோருக்கும் 10 மி.மீ. கூட்டிக் காட்டினாலும் r அசையாது என்பது அந்தப் பதினான்காம் அத்தியாயத்தில்தான் உறைத்தது. ஒவ்வொருவருக்கும் வித்தியாசத்தை எடு, அதன் சராசரியையும் பரவலையும் பார். பிளாண்ட் என்பவரும் ஆல்ட்மனும் 1986இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதியதுதான். போட்டுப் பார்த்தேன். சிலருக்கு 18 வரை விலகல். மாத்திரை ஆரம்பிப்பதா வேண்டாமா என்பதே மாறிப்போகும் அளவு. முடிவுரையைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதினேன்.

தம்பிக்கு, கிர்க்வுட் வாங்கு என்று பதில் போட்டேன்.

"சரிக்கா. அப்போ உங்க ஆல்ட்மனைக் குடுங்க, ஒரு மாசத்துல திருப்பித் தர்றேன்."

முடியாது என்று சொல்லிவிட்டேன்.