பழைய அவுட்பேக்: 2012-ஆ, 2013-ஆ?

அமெரிக்காவில் பழைய சுபாரு அவுட்பேக் தேடுபவருக்கு இந்த இரண்டு வருட மாடல்களும் வெளியிலிருந்து ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் தெரியும். பானெட்டைத் திறந்தால்தான் வித்தியாசம். இரண்டிலும் அடிப்படை எஞ்சின் 2.5 லிட்டர், நான்கு சிலிண்டர். ஆனால் 2013-ல் வந்தது புது எஞ்சின்.

2012-ல் இருப்பது டைமிங் பெல்ட், அதாவது வால்வுகளையும் பிஸ்டன்களையும் தாளம் தப்பாமல் ஓடவைக்கும் ரப்பர் பட்டை. 1,05,000 மைலில் மாற்றியே ஆகவேண்டும். அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் இடித்து எஞ்சினே போய்விடும். மாற்றிய ரசீதைக் கேளுங்கள். இல்லையென்றால் அந்தச் செலவை விலையில் கழியுங்கள். ஹெட் கேஸ்கெட்டும் (எஞ்சினின் பிளாக் என்ற உடலுக்கும் ஹெட் என்ற மூடிப் பகுதிக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் தகடு) கசியக்கூடியது. வண்டியை நன்றாக ஓட்டிச் சூடாக்கிவிட்டு, அடியில் குனிந்து டார்ச் அடித்துப் பாருங்கள். பிளாக்கும் ஹெட்டும் சேரும் கோட்டில் எண்ணெய் ஈரம் மின்னினால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.

2013-ல் பெல்ட்டுக்குப் பதில் செயின், அந்தக் கவலை இல்லை. ஆயில் ஃபில்டர் மேலேயே கைக்கு எட்டும், இது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். சிவிடி (கியர் படிகள் இல்லாத ஆட்டோமேட்டிக்) வண்டியின் நகர மைலேஜும் கேலனுக்கு 22-லிருந்து 24 ஆனது. அப்புறம், கேமராவால் முன்னால் பார்த்துத் தேவைப்பட்டால் தானே பிரேக் போடும் ஐசைட் பாதுகாப்பு வசதி கூடுதல் விலைக்குக் கிடைக்கத் தொடங்கியதும் 2013 மாடலில்தான். ஆனால் சில வண்டிகள் ஆயில் குடிக்கும். டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு காட்டும் கம்பி) உருவித் துடைத்து, திரும்பச் செருகி எடுத்து அளவு பாருங்கள், இடையிடையே ஆயில் ஊற்றினார்களா என்றும் கேளுங்கள்.

ஆயில் அளவு சரியாக இருந்தால் நான் 2013-ஐத்தான் எடுப்பேன். பெல்ட்டும் கேஸ்கெட்டும் புதிதாகப் போட்ட 2012 நல்ல விலைக்கு வந்தால் மட்டும் அதையும் பார்ப்பேன்.