அலமாரியில் இருப்பதும் கணக்கில் இருப்பதும்

ஒரே நாவலை அச்சுப் புத்தகமாகவும் வாங்கலாம், பூட்டுப் போட்ட, அதாவது நகலெடுக்கவோ இன்னொருவருக்குக் கைமாற்றவோ விடாத மின்னூலாகவும் வாங்கலாம். மின்னூல் பெரும்பாலும் விலை குறைவு. ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கம் ஒற்றை அறை வாடகை வீட்டில் இருப்பவருக்கு அது இடத்தையும் அடைக்காது. ஆனாலும் திரும்பத் திரும்பப் படிக்கப்போகிற புத்தகத்தை அச்சில் வாங்குங்கள் என்றுதான் சொல்வேன்.

முக்கியக் காரணம், கைமாறுவது. மூர் மார்க்கெட் 1985-ல் எரிந்த பிறகு அங்கிருந்த பழைய புத்தகக் கடைகள் சென்ட்ரல் பக்கத்திலேயே அல்லிக்குளம் வளாகத்துக்குப் போயின. வியாசர்பாடிப் பிள்ளைகள் அங்கே போய் படித்து முடித்த கைடைப் போட்டுவிட்டு அடுத்த வருஷத்துக்கானதை வாங்கி வரலாம். அக்காவின் புத்தகம் தம்பிக்கு, அப்புறம் எதிர் வீட்டுக்கு என்று ஒரே பிரதியில் மூன்று பேர் பரீட்சை எழுதிவிடுவார்கள். பூட்டுப் போட்ட மின்னூலில் இதில் எதுவும் நடக்காது. விற்க முடியாது, தானம் தர முடியாது. அமேசானின் மின்னூல் சேவையான கிண்டிலின் ஒப்பந்தமே நூல் உங்களுக்கு விற்கப்படவில்லை, உரிமம்தான் தரப்படுகிறது என்கிறது.

அந்த உரிமம் எவ்வளவு தூரம் தாங்கும்? 2009-ல் ஜார்ஜ் ஆர்வெலின் இரண்டு நாவல்களை, விற்றவருக்கு உரிமை இல்லை என்று காரணம் சொல்லி, வாங்கியவர்களின் கிண்டிலிலிருந்து அமேசான் தொலைவிலிருந்தே அழித்தது. பணம் திரும்பி வந்தது, புத்தகம் போனது. 2019-ல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோதும் அதே கதைதான். 2025 பிப்ரவரியில், வாங்கிய நூலைக் கணினியில் இறக்கி யுஎஸ்பி வழியாகக் கருவிக்கு மாற்றும் வசதியையும் அமேசான் எடுத்துவிட்டது. பூட்டை நாமே உடைக்கலாமே என்றால், பதிப்புரிமைச் சட்டத்தில் 2012 திருத்தத்தில் வந்த 65ஏ பிரிவு இருக்கிறது. உரிமையை மீறும் நோக்கத்தோடு உடைத்தால் 2 ஆண்டு வரை சிறை, அபராதம்.

சரி, காகிதத்துக்கு ஆபத்தே இல்லையா? கடலோரத்தில் இருப்பவர்களிடம் அப்படிச் சொல்லவே முடியாது. உப்புக்காற்றும் ஈரமும் சேர்ந்து பக்கங்களில் பூஞ்சை பிடிக்கும், பரணில் கரையான் ஏறும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எர்ணாவூர்ப் பக்கம் வீடுகளுக்குள் எண்ணெய் கலந்த வெள்ளம் புகுந்தது. அதில் நனைந்த புத்தகத்தை வெயிலில் காயவைத்து என்ன பயன்? இணையக் கணக்கில் இருக்கும் நூலை வெள்ளம் தொடாது. எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்க வேண்டிய வயதானவர்களுக்கும் மின்னூல்தான் வசதி.

சினிமாப் படம் என்றால் கணக்கு கொஞ்சம் மாறுகிறது. டிவிடியிலும் பூட்டு உண்டு. இந்தியாவுக்கு மண்டலம் 5, அமெரிக்காவுக்கு 1 என்று பிரித்து வைத்திருப்பதால், அங்கே இருக்கும் உறவுக்காரர் அனுப்பும் தட்டு இங்கத்திய பிளேயரில் ஓடாமல் போகலாம். ஆனால் ஓடுகிற தட்டு எந்த நிறுவனத்தின் சர்வரையும் கேட்டுக்கொண்டு ஓடுவதில்லை. (ஒரிஜினல் தட்டைத்தான் சொல்கிறேன், பர்மா பஜார் நகலை அல்ல.) புது லேப்டாப்களில் டிரைவ் இல்லாதது பெரிய குறைதான். இருந்தாலும் முழு விலை கொடுத்துப் பூட்டுப் போட்ட படத்தை இணையத்தில் 'வாங்குவது'தான் தட்டு, வாடகை, இது என்ற மூன்றில் மோசமான வழி. ஒருமுறை பார்க்க வாடகையே போதும், வைத்துக்கொள்ள வேண்டும் என்றால் தட்டு.

பாட்டு விஷயத்தில் இந்தச் சண்டை எப்போதோ தீர்ந்துவிட்டது. ஆப்பிளே 2009-ல் ஐடியூன்ஸில் விற்கும் பாடல்களின் பூட்டை எடுத்துவிட்டது. பாட்டுக்குத் தேவையில்லாத பூட்டு புத்தகத்துக்கு மட்டும் எதற்கு? தமிழில் பூட்டில்லா மின்னூலுக்கு நல்ல முன்னுதாரணங்கள் உண்டு. மதுரைத் திட்டம் 1998 முதல் பழைய இலக்கியங்களை இலவசமாகத் தருகிறது. ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளம் இக்கால எழுத்தாளர்களின் நூல்களை அவர்கள் சம்மதத்தோடு இபப், பிடிஎஃப் வடிவங்களில் தருகிறது. காசு கொடுத்து வாங்கும் நூலும் இப்படிக் கிடைத்தால் நான் காகிதத்துக்காக வாதாடவே மாட்டேன்.

வடசென்னை வீடுகளில் இன்னும் கிடக்கும் கானா கேசட்டுகளுக்கும் இதுவே வழி. அவையெல்லாம் செயலிகளில் ஏறிவிடவில்லை. நாடா ஒட்டிக்கொள்வதற்கு முன் எம்பி3 ஆக மாற்றி, ஒரு நகலை உங்களிடமும் இன்னொன்றை வேறு பேட்டையில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டிலும் வையுங்கள்.