சுடுநீர்க் குழாயில் காற்று: திறந்த குழாயா, தானியங்கி வால்வா?

மட்டக்களப்பின் கல்லடி, பாசிக்குடாப் பக்கம் கூரையில் சூரியச் சுடுநீர்த் தாங்கி வைத்த வீடுகளில் ஷவர் விக்கி விக்கி வந்தால், காரணம் பெரும்பாலும் காற்றுதான். நீர் சூடாகும்போது கரைந்திருந்த காற்று பிரிந்து, குழாயின் மேட்டு வளைவில் அடைத்துக்கொள்ளும்.

குளிர்நீர் மேல்தாங்கியிலிருந்து தானாக இறங்கும் நீரானால், காற்று வெளியேற வாய் திறந்தபடி மேலே நிற்கும் திறந்த காற்றுக் குழாயே போதும். அதன் வாய் மேல்தாங்கியின் நீர்மட்டத்துக்கு ஓர் அடியாவது மேலே நிற்கவேண்டும். தாழ்ந்தால் சுடுநீர் கூரையில் ஓடும். பழுதாக அதில் ஒன்றுமில்லை. ஆனால் ஷவருக்கு மேல் 3 மீற்றர் உயரத்தில் நீர்மட்டம் இருந்தால் அழுத்தம் 0.3 பார் (bar, அழுத்த அலகு) தான், பெரிய ஷவருக்குக் காணாது.

பம்ப் பூட்டினால் அந்தக் குழாயால் நீர் பீறிடும். அப்போது மேட்டில், உள்ளே மிதவை வைத்துக் காற்றை மட்டும் வெளியேவிடும் தானியங்கிக் காற்று வால்வு, சுடுநீர்த் தாங்கியில் அழுத்தம் தணிக்கும் வால்வு இரண்டும் வேண்டும். தாங்கியும் அழுத்தம் தாங்கும் வகையாக இல்லையென்றால் பம்ப் ஆசையை விட்டுவிடுங்கள், வெடித்துவிடும். சுண்ணப் படிவு மிதவையைப் பிடித்தால் காற்று வால்வு ஒழுகும். கழற்றி வினாகிரியில் ஊறப்போடுங்கள்.