மான் பார்க்கச் செல்ல: மின்சார சைக்கிளா, மோட்டார் சைக்கிளா?

வில்லால் மான் வேட்டையாடும் அமெரிக்கர் சிலர், அம்பு எய்ய ஏறத்தாழ 30 மீற்றருக்குள் நெருங்க வேண்டியிருப்பதால், ஓசை குறைந்த மின்சார சைக்கிளை நாடுகின்றனர். இலங்கையில் புள்ளிமானும் மரையும் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. வன்னியில் கமராவுடன் நெருங்குவதே முறை.

குளத்து அலைகரையில் விடியலில் மேயும் கூட்டம் மோட்டார் சைக்கிளின் இரைச்சலுக்கே காட்டுக்குள் ஓடிவிடும் என்பதால், கோடையில் மின்சார சைக்கிளையே நான் தேர்வேன். ஆயினும் அந்த அமைதி ஆபத்தானதும்கூட: முத்தையன்கட்டு, ஒட்டுசுட்டான் பக்கத்துக் காட்டுப்பாதைகளில், வளைவுக்கு அப்பால் நிற்கும் யானைக்கும் நமது வரவு கேட்பதில்லை; ஆகவே பற்றை அடர்ந்த இடங்களில் மணியடித்து மெதுவாகச் செல்வது அவசியம். மாரியில் பாதை சேறாகும்போது, மின்கலத்தின் பாரத்தோடு தள்ளுவது பெரும்பாடு. அப்போது மோட்டார் சைக்கிளைத் தொலைவிலேயே நிறுத்திவிட்டு, காற்றுக்கு எதிர்முகமாக நடப்பதே நல்லது.