லினாக் சோதனைக்கு ஈபிட் பேனலா, ஃபிலிமா?

லினாக் என்பது புற்றுநோய்க்குக் கதிர் சிகிச்சை தரும் இயந்திரம். ஈபிட் அதில் பொருத்திய டிஜிட்டல் படப் பேனல்; ஃபிலிம் கதிர் பட்டால் நிறம் மாறும் தாள். கதிர்க் கற்றைக்கு வடிவம் கொடுக்கும் எம்எல்சி தகடுகள் சரியான இடத்தில் நிற்கின்றனவா என்று பார்க்க இரண்டுமே போதும். வாராந்தரச் சோதனைக்கு என் ஓட்டு பேனலுக்கே. ஆனால் அளவுத்திருத்தம், அதாவது பேனலையும் ஃபிலிமையும் சரியாக அளக்கும்படி முதலில் தயார்செய்வது, என்று வந்தால் கதை வேறு.

பேனலுக்குக் கதிர் இல்லாமல் ஒரு டார்க் ஃபீல்டு படம், அப்புறம் பேனல் முழுக்கக் கதிர் விழும்படி ஒரு ஃப்ளட் ஃபீல்டு படம், செத்த பிக்சல்களின் வரைபடம். சீக்கிரம் முடியும். சிக்கல் ஃப்ளட் ஃபீல்டில்தான் ஒளிந்திருக்கிறது: கற்றையின் ஓரங்களில் கதிர் கூடுதலாவதால் எழும் ‘கொம்புகளை’யும் அது பிக்சல் வேறுபாடு என்று எண்ணிச் சமன்செய்துவிடும். படம் தட்டையாக, அழகாக வரும். கற்றை அப்படி இருக்காது. தகட்டின் விளிம்பைத் தேட இது பெரிய தடையில்லை, சரி. கற்றையின் வடிவத்தையே அளக்கப் போனால், பேனலை நகர்த்தி நகர்த்திப் படமெடுத்து பிக்சல் உணர்திறனைத் தனியே பிரிக்க வேண்டும். பேனலில் கதிரை ஒளியாக மாற்றும் பாஸ்பர் அடுக்கு குறைந்த ஆற்றல் கதிருக்குக் கூடுதலாகத் துள்ளுவது இன்னொரு தொல்லை.

ரேடியோகுரோமிக் ஃபிலிம் ஏறக்குறைய திசுவைப் போலவே நடந்துகொள்ளும். பொறுமையைத்தான் கேட்கும். ஒவ்வொரு லாட்டுக்கும் (ஒரே தயாரிப்புத் தொகுதிக்கும்) தெரிந்த டோஸ்களில், அதாவது கதிர் அளவுகளில், துண்டுகளைக் கதிரூட்டி, நிறத்தை டோஸாக மாற்றத் தனி வளைகோடு வரைய வேண்டும். நிறம் நிலைக்க வழக்கமாக 24 மணி நேரம் விடுவார்கள். ஸ்கேனரில் துண்டை 90 டிகிரி திருப்பி வைத்தாலே எண் மாறிவிடும். அதனால் வெட்டும்போதே மூலையில் பேனாவால் ஒரு குறி போட்டுவிடுங்கள்.