லைட் ஹவுஸ் டூர்னு சொல்லி ஏமாத்துறாங்க, ஈசிஆர் பக்கம் போறவங்க இத படிச்சிட்டு அப்புறம் பணத்த போடுங்க

ரெண்டு மாசம் முன்னாடி அப்பா அம்மா தம்பியோட சென்னைலருந்து கோடியக்கரை வரைக்கும் கலங்கரை விளக்கமா பாத்துக்கிட்டே போற மூணு நாள் டூர் ஒண்ணு புக் பண்ணேன், மொத்தம் 31,000 ரூபா, அதுல 6,000 "லைட் ஹவுஸ் ஸ்பெஷல் பர்மிஷன்"னு தனியா போட்டிருந்தாங்க. அந்த 6,000 முழுக்க பொய். இன்னும் நெறைய பொய் இருக்கு, ஒண்ணொண்ணா சொல்றேன்.

எங்க அப்பாவுக்கு 71 வயசு. நாகப்பட்டினம் பக்கம் பொறந்து வளந்தவரு, சின்ன வயசுல தாத்தாகூட கட்டுமரத்துல போயிருக்காரு. ராத்திரி கடல்லருந்து லைட் வெளிச்சத்த பாத்துதான் கரை எந்தப் பக்கம்னு தெரிஞ்சுக்குவாங்க, ஆனா ஒரு நாள்கூட அதுமேல ஏறி பாத்ததில்லன்னு அடிக்கடி சொல்லுவாரு. மூட்டு வலி, படி ஏற முடியாது. அதனால புக் பண்றப்பவே அந்த டிராவல்ஸ்காரர்கிட்ட கேட்டேன், "எல்லாத்துலயும் லிப்ட் இருக்கு மேடம், ஐயாவ நாங்க பாத்துக்குறோம்"னாரு. அத நம்பி 20,000 அட்வான்ஸ் ஜிபேல போட்டேன். கம்பெனி கணக்கு இல்ல, யாரோ ஒருத்தர் பேர்ல இருந்த நம்பர். பில்லும் தரல. அங்கயே நான் நின்னிருக்கணும்.

கெளம்புனது திங்கக்கிழமை, தேதி அவங்க குடுத்ததுதான். மொதல்ல மெரினா லைட் ஹவுஸ், கேட்டு பூட்டியிருக்கு, திங்கள் விடுமுறைன்னு போர்டு. எங்களுக்கு அழுகையே வந்துடுச்சு. இந்த வழியில லிப்ட்ல மேல போற மாதிரி இருக்குறது இது ஒண்ணுதான்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. சென்னைல 1796ல கோட்டைக்குள்ள மாடிமேல வெளக்கு வச்சாங்க, அப்புறம் 1844ல ஹைகோர்ட் வளாகத்துல இருக்குற கல்தூண், அப்புறம் 1894ல ஹைகோர்ட் கோபுரத்து உச்சி, கடைசியா 1977ல மெரினால இது. இதெல்லாம் அப்பாகிட்ட சொல்லணும்னு நான் படிச்சு வச்சிருந்தேன், கேட்டுக்கு வெளிய நின்னு சொன்னேன்.

அடுத்தது கோவளம். அவங்க விளம்பரத்துல செவப்பும் வெள்ளையும் பட்டை போட்ட அழகான லைட் ஹவுஸ் போட்டோ போட்டு "கோவளம்"னு எழுதியிருந்தாங்க. ஈசிஆர்ல இருக்குற கோவளத்துல எறக்கி விட்டாங்க, சர்ச் இருக்கு, தர்கா இருக்கு, பீச் இருக்கு, லைட் ஹவுஸ் எங்க? அந்த போட்டோ கேரளால திருவனந்தபுரம் பக்கத்துல இருக்குற கோவளம். டிரைவர கேட்டா "எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா, எறக்க சொன்னாங்க எறக்கிட்டேன்"னாரு. பாவம் அவரு மேல எனக்கு கோவம் இல்ல.

செவ்வாய்க்கிழமை காலைல மாமல்லபுரம். அங்க 1904லருந்து எரியுற கல் கோபுரம், பக்கத்துலயே பல்லவர் கோயில், அந்தக் கோயில் மேலதான் அதுக்கு முன்னாடி வெளக்கு வச்சிருந்தாங்க. பர்மிஷன் லெட்டர் எங்கன்னு போன் போட்டா "ஆபீஸ்ல இருக்கு, கவுன்டர்ல டிக்கெட் எடுத்துக்கோங்க"ங்கறாரு. கவுன்டர்ல இருந்தவர்கிட்ட கேட்டேன், "பர்மிஷனா? டிக்கெட் எடுத்துட்டு போங்கம்மா, அவ்ளோதான்"னாரு. டிக்கெட்டும் பெரிய காசு இல்ல. லிப்ட் கெடையாது, குறுகலான படிக்கட்டு. நானும் தம்பியும் ஏறுனோம், அப்பா கீழ பாறை நெழல்ல உக்காந்து எங்களுக்கு கைய காட்டிக்கிட்டு இருந்தாரு.

மதியம் பாண்டில 1836ல ஏத்துன பழைய பிரெஞ்சு லைட் ஹவுஸ வெளியருந்துதான் பாத்தோம். அங்க வச்சு "பாண்டி பர்மிட் 1,200 தனி"ன்னு போன்ல கேட்டாங்க. வண்டி வெள்ள போர்டு! சொந்த உபயோக வண்டிய வாடகைக்கு விட்டுட்டு அதுக்கு டாக்ஸி பர்மிட் காசு கேக்குறாங்க. தயவுசெஞ்சு மஞ்ச போர்டான்னு பாத்துட்டு ஏறுங்க, வெள்ள போர்டு வண்டில வாடகைக்கு போயி எதாவது ஆச்சுன்னா இன்சூரன்ஸ் கைய விரிச்சிடும்.

புதன்கிழமை கோடியக்கரை. பேக்கேஜ்ல "சோழர் கால கலங்கரை விளக்கம் ஏறிப் பார்த்தல்"னு எழுதியிருந்தது, ஸ்க்ரீன்ஷாட் இன்னும் என்கிட்ட இருக்கு. அது 2004 சுனாமிலயே விழுந்துடுச்சுங்க. செங்கல் மிச்சம்தான் கெடக்கு. இல்லாத ஒண்ணுமேல ஏத்தி விடறேன்னு தலைக்கு காசு வாங்கியிருக்காங்க. அப்பா அந்த செங்கல் பக்கத்துல ரொம்ப நேரம் நின்னாரு, அவரு சின்ன வயசுல அது நின்னுட்டு இருந்தத பாத்தவரு.

இந்த மூணு நாள்ல மனசுக்கு நெறைவா இருந்தது ஒண்ணே ஒண்ணுதான், அது பேக்கேஜ்ல இல்ல. செவ்வாய் ராத்திரி நாகப்பட்டினம் கடற்கரைல நின்னோம். ஒவ்வொரு லைட்டும் விட்டு விட்டு மின்னுற கணக்கு வேற வேற, அத வச்சுதான் கடல்ல இருக்குறவங்க இது எந்த ஊருன்னு கண்டுபுடிக்கிறது. அப்பா வாய்க்குள்ளயே எண்ணிக்கிட்டு நின்னாரு, கூப்புட்டாகூட திரும்பல.

திரும்பி வந்து காச கேட்டா மொதல்ல "ஐயாவுக்கு ஒடம்பு முடியலன்னா நாங்க என்ன பண்றது"ன்னாங்க, அப்புறம் போனே எடுக்கல. 1915 நுகர்வோர் ஹெல்ப்லைன்ல புகார் போட்டு, ஸ்க்ரீன்ஷாட், ஜிபே ரசீது எல்லாம் குடுத்தேன், மூணு வாரம் கழிச்சு 4,000 மட்டும் வந்துச்சு. மீதிக்கு நுகர்வோர் கோர்ட்டுக்கு மனு எழுதிக்கிட்டு இருக்கேன்.

போன ஞாயித்துக்கெழம அப்பாவ ஆட்டோல மெரினா கூட்டிட்டு போயி, வரிசைல நின்னு டிக்கெட் எடுத்து, லிப்ட்ல மேல ஏத்தி விட்டேன். கம்பிய புடிச்சிக்கிட்டு நொச்சிக்குப்பம் போட்டுங்கள காட்டி "எவ்ளோ சின்னதா தெரியுது பாரும்மா, நாங்க அங்கருந்து பாக்குறப்ப இதுதான் சின்னதா தெரியும்"னாரு.