மூன்று வார விடுப்பில் பன்னிரண்டு நாள்

நியூஜெர்சியிலிருந்து மூன்று வார விடுப்பில் வந்தவன், அதில் பன்னிரண்டு நாள் விபாசனா தியான மையத்தில் இருக்கப்போகிறேன் என்றதும் அம்மா தோசைத் திருப்பியைக் கீழே வைத்துவிட்டாள். “யார்கூடவும் பேசாம உட்காரணும்னா இங்கேயே உட்காரேன்டா.” கொஞ்ச நேரம் கழித்து, “மதம் மாத்திடுவாங்களா?”

ஊருக்கு வந்தால் வங்கி, ஆதார், வீட்டு வரி என்று டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்வதே எனக்குப் பாதி விடுப்பு. எங்கே போனாலும் முதல் கேள்வி, எவ்வளவு ஆகும்? சென்னையில் திருமுடிவாக்கம் பக்கம் பழந்தண்டலம் சாலையில் இருக்கும் ‘தம்ம சேது’ என்ற அந்தத் தியான மையத்தில் அந்தக் கேள்விக்கு வேலையே இல்லை. பத்து நாள் பயிற்சி, தங்குமிடம், சாப்பாடு எதற்கும் கட்டணம் கிடையாது. முன்னாலேயே ஏதாவது கொடுத்துவிடலாம் என்றாலும் வாங்க மாட்டார்கள். ஒரு முறையாவது பயிற்சியை முழுதாக முடித்தவர் கொடுத்தால்தான் நன்கொடை. அதாவது நான் தின்ற பொங்கல், முகம் தெரியாத யாரோ முடித்துப் போகும்போது வைத்துவிட்டுப் போன காசு. ஆசிரியர்களுக்குச் சம்பளமில்லை. மணியடித்து எழுப்பும் தம்ம சேவகர்கள் என்ற தொண்டர்களும் ஏற்கெனவே இப்படி உட்கார்ந்து எழுந்தவர்கள்தான்.

போய்ச் சேர்ந்த அன்று மாலை போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். புத்தகம், பேனாவும் கூடாது. ஐந்து சீலங்கள் என்ற ஒழுக்க உறுதிமொழிகளை எடுத்துக்கொண்டதும் மௌனம் தொடங்கிவிடும். சைகை, கண்ஜாடைகூடக் கூடாது. சந்தேகம் இருந்தால் ஆசிரியரிடம் கேட்கலாம், தேவை இருந்தால் சேவகரிடம் சொல்லலாம், அவ்வளவுதான்.

காலை நாலு மணிக்கு மணி. நாலரைக்கு உட்கார்ந்தால் ராத்திரி ஒன்பது வரை, இடையில் சாப்பாட்டுக்கும் ஓய்வுக்கும் மாலைப் பேச்சுக்கும் விட்டதுபோக, ஏறக்குறைய பத்து மணி நேரம் தியானம். பதினொரு மணிக்கு மதியச் சாப்பாடு. மாலை ஐந்துக்கு டீயும் பழமும். ஏற்கெனவே பயிற்சி முடித்திருக்கும் பழைய மாணவர்களுக்கு அதுவும் இல்லை, எலுமிச்சைச் சாறுதான். முதல் மூன்று நாளும் மூச்சு மட்டும். அதைப் பார்த்துப் பார்த்து, மூக்குக்குக் கீழே, மேலுதட்டுக்கு மேலே உள்ள அந்தச் சின்ன இடத்துக்குக் கவனத்தைக் குறுக்கிக்கொண்டு வர வேண்டும். நான் பார்த்தது பெரும்பாலும் என் ஆபீஸைத்தான். தலைக்கு மேலே மீனம்பாக்கம் விமானம் ஒன்று இரைந்துகொண்டு போகும். போன வாரம் நான் வந்ததும் இப்படித்தானே என்று மனசு அதிலேறிக் கிளம்பிவிடும்.

நாலாம் நாள்தான் விபாசனா. தலை முதல் கால் வரை உடம்பில் தோன்றும் உணர்ச்சிகளை வரிசையாகக் கவனிப்பது. வலித்தால் வெறுக்காதே, சுகமாக இருந்தால் பிடித்துவைக்காதே, இரண்டும் போய்விடும். அதற்குப் பிறகு தினமும் மூன்று முறை ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார முயல வேண்டும். என் வலது முழங்கால் இருபதாம் நிமிஷமே ஒப்பாரி வைத்தது. ஆறாம் நாள், மாற்றி உட்காராமல் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எரிச்சல், குத்தல், துடிப்பு என்று அது பிரிந்துபோனது. வலி என்று ஒரே துண்டாக எதுவும் அங்கே இல்லை. அடுத்த அமர்வில் பழைய வலி முழுசாகத் திரும்பி வந்துவிட்டது, அது வேறு விஷயம்.

மாலைப் பேச்சு, இந்தப் பயிற்சியைப் பரப்பிய, மறைந்த எஸ்.என். கோயங்காவுடையது; பதிவைத் தமிழில் கேட்டேன். 1924இல் மாண்டலேயில் பிறந்த மார்வாடி வியாபாரி அவர். ஒற்றைத் தலைவலிக்கு வழி தேடி ரங்கூனில் ஊ பா கினிடம் போனார். அந்தக் குரு துறவியல்ல, பர்மா அரசின் தலைமைக் கணக்காளர். 1969இல் கோயங்கா இந்தியாவுக்கு வந்து பயிற்சி நடத்தத் தொடங்கினார். என் தாத்தாவும் ரங்கூனில் கணக்கெழுதியவர்தான். அவர் கொண்டுவந்தது அத்தோ என்ற பர்மா நூடுல்ஸ் செய்யும் பக்குவம் மட்டும்.

மதம் மாத்திடுவாங்களா என்ற அம்மாவின் கேள்விக்குப் பதில்: மாற்றவில்லை. பயிற்சி நடக்கும் நாட்களில் மட்டும் பூஜை, ஜபம், விரதம் எதுவும் வேண்டாம் என்கிறார்கள். புத்தர் சொன்ன வழி, ஆனால் யாரும் பௌத்தராக வேண்டியதில்லை என்பது கோயங்கா திரும்பத் திரும்பச் சொல்வது.

பத்தாம் நாள், எல்லோரும் நலமாக இருக்க நினைக்கும் மைத்திரி தியானத்தோடு மௌனம் முடிந்தது. ஒன்பது நாளாகப் பக்கத்தில் தட்டு கழுவியவரின் குரலை அன்றுதான் கேட்டேன். கடைசிக் காலையில் நன்கொடை மேசைக்குப் போய், “எவ்வளவு எழுதலாம்?” என்றேன். “உங்க இஷ்டம் சார்.” பேனாவைப் பிடித்துக்கொண்டு அசட்டுத்தனமாக ரொம்ப நேரம் நின்றேன்.

அன்று ராத்திரி எட்டு மணிக்கு அம்மா தோசை வார்க்க, நான் பேசிக்கொண்டே இருந்தேன். நாலாவது தோசையைப் போட்டுவிட்டு அம்மா கேட்டாள்: “பன்னெண்டு நாள் பேச்சையும் சேர்த்து வெச்சுருந்தியா?”